பாட்டு சிடிக்கு எதிராக ஒரு மாநிலம் தொடர்ந்த வழக்கு

பல ஆண்டுகளுக்கு முன் என் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓர் இலவச கேம் சிடியைப் போட்டேன். புத்தகம் ஒன்றுடன் சேர்த்துக் கொடுத்த சிடி அது. மகன் ஆசைப்பட்டான் என்பதற்காக இன்ஸ்டால் செய்தேன். கேம் சுமார்தான். ஆனால் மறுநாள் முதல் தொல்லை ஆரம்பமானது. பிரவுசரின் ஹோம் பேஜ் தானாக மாறியிருந்தது. ஐந்து நிமிடத்திற்கு ஒரு விளம்பர விண்டோ குதித்தது. கண்ட்ரோல் பேனல் சென்று அந்த புரோகிராமை நீக்கினால், கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தவுடன் மீண்டும் வந்து உட்கார்ந்துகொண்டது. கடைசியில் ஹார்ட் டிஸ்க்கை பார்மட் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. பேக்கப் எடுத்து வைக்காத, மகளின் காதணி விழா போட்டோக்கள் அனைத்தும் போயின. சர்வீஸ் செய்தவர் 400 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

எனக்கு வந்த கோபத்தில் வக்கீல் நண்பர் ஒருவரிடம் போய் இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "400 ரூபாய்க்குக் கேஸ் போட்டா, கோர்ட்டுக்கு வந்து போற ஆட்டோ செலவுக்கே காணாது சார்" என்றார். அவர் சொன்னது சரிதான். நான் மட்டும் தனியாக வழக்குப் போட்டால் எனக்குத்தான் நஷ்டம். ஆனால் என்னைப் போல் ஆயிரக்கணக்கானவர்கள் தலா 400 ரூபாய் இழந்திருந்தால்? மொத்தத்தில் அது பெரிய தொகை. அந்த நிறுவனத்திற்கோ ஒருவரும் வழக்குப் போட மாட்டார்கள் என்ற தைரியம்.

இந்தச் சிக்கலுக்கு அமெரிக்காவில் ஒரு வழி இருக்கிறது. பாதிக்கப்பட்ட அனைவருக்காகவும் மாநிலமே வழக்குத் தொடரும். அதைச் செய்பவர் மாநில அட்டர்னி ஜெனரல். 2005ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு பாட்டு சிடியினால் வந்த வழக்கு இதற்கு நல்ல உதாரணம். வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது என்பதால், விரிவாகவே எழுதுகிறேன்.

மாநில அட்டர்னி ஜெனரல் யார்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம் நாட்டில் அட்டர்னி ஜெனரல் என்றால் மத்திய அரசின் தலைமை வழக்கறிஞர். மாநிலங்களில் அட்வகேட் ஜெனரல் இருப்பார். இருவருமே அரசுக்கு ஆலோசனை சொல்பவர்கள். அரசு சார்பில் கோர்ட்டில் வாதாடுபவர்கள்.

அமெரிக்காவில் 50 மாநிலங்களிலும் தனித்தனியே அட்டர்னி ஜெனரல் உண்டு. அரசுக்காக வாதாடுவதோடு அவர் வேலை முடிந்துவிடாது. மாநில மக்களை ஏமாற்றும் நிறுவனங்கள் மீது, மக்கள் சார்பில் வழக்குப் போடும் அதிகாரமும் அவருக்கு உண்டு. 43 மாநிலங்களில் இவரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால் மக்கள் அனுப்பும் புகார்களை இவர் அலுவலகம் அலட்சியம் செய்ய முடியாது.

இவர் கையில் உள்ள ஆயுதங்கள் மூன்று. ஒன்று, ஏமாற்று வியாபாரத்தைத் தடுக்கும் மாநிலச் சட்டம். டெக்சாஸில் இது 1973 முதல் உள்ளது. இரண்டு, வழக்குப் போடும் முன்பே நிறுவனத்திடம் ஆவணங்களைக் கேட்டு வாங்கும் அதிகாரம். மூன்று, ஒவ்வொரு சட்ட மீறலுக்கும் தனித்தனியே அபராதம் கேட்கும் உரிமை. இந்த மூன்றாவதுதான் முக்கியம். ஒருவர் அடைந்த நஷ்டம் 10 டாலர்தான் என்றாலும், ஆயிரம் முறை நடந்த தவறுக்கு ஆயிரம் முறை அபராதம் என்று கணக்குப் போட்டால் எந்தப் பெரிய நிறுவனமும் யோசிக்கும்.

சிடிக்குள் என்ன இருந்தது?

இப்போது அந்த சிடிக்கு வருவோம். 2005ஆம் ஆண்டில் சோனி பிஎம்ஜி என்ற இசை நிறுவனம், தன் பாட்டு சிடிக்களை யாரும் காப்பி எடுக்கக் கூடாது என்பதற்காக ஒரு பாதுகாப்பு சாப்ட்வேரைச் சேர்த்து விற்றது. எக்ஸ்சிபி என்பது அதன் பெயர். தயாரித்தது பர்ஸ்ட் 4 இன்டர்நெட் என்ற பிரிட்டிஷ் நிறுவனம். 52 ஆல்பங்களில் இது இருந்தது. சுமார் 20 லட்சம் சிடிக்கள் மக்கள் கைக்குப் போய்விட்டன.

சாதாரண சிடி பிளேயரில் போட்டால் ஒரு தொல்லையும் இல்லை. பாட்டு மட்டும் கேட்கும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் போட்டால்தான் கதை மாறும். ஆட்டோரன் வசதி மூலம் ஒரு விண்டோ திறக்கும். லைசன்ஸ் ஒப்பந்தம் காட்டப்படும். 'ஐ அக்ரி' என்பதில் கிளிக் செய்தால், பாட்டு கேட்க ஒரு பிளேயர் புரோகிராம் இன்ஸ்டால் ஆகும். அந்த பிளேயரில்தான் பாட்டு கேட்க வேண்டும். மூன்று காப்பிகளுக்கு மேல் எடுக்க முடியாது. இதுவரை சரி, ஒப்பந்தத்தில் சிறிய சாப்ட்வேர் ஒன்று இன்ஸ்டால் ஆகும் என்று எழுதியிருந்தார்கள்.

எழுதாமல் விட்டதில்தான் விஷயம் இருந்தது. இன்ஸ்டால் ஆன சாப்ட்வேர் கம்ப்யூட்டரில் தன்னைத் தானே மறைத்துக்கொண்டது. இப்படி மறைந்து வேலை செய்யும் தொழில்நுட்பத்திற்கு ரூட்கிட் என்று பெயர். பொதுவாக ஹேக்கர்கள் கையாளும் முறை இது.

மறைவது எப்படி?

நீங்கள் ஒரு போல்டரைத் திறக்கும்போது, அதில் என்னென்ன பைல்கள் உள்ளன என்று விண்டோஸ் எக்ஸ்புளோரர் தானே போய்ப் பார்ப்பதில்லை. விண்டோஸின் உள்மையமான கெர்னலிடம் கேட்கிறது. கெர்னல் பட்டியல் தருகிறது. எக்ஸ்புளோரர் அதைத் திரையில் காட்டுகிறது. டாஸ்க் மேனேஜரும் ஆன்டிவைரஸ் புரோகிராமும் இப்படித்தான் கேட்டுத் தெரிந்துகொள்கின்றன.

ரூட்கிட் இந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். நம் ஊர் ரேஷன் கடையில் சரக்கு இருப்பைக் கேட்டால், குடோனில் உள்ளவர் சொல்லும் கணக்கை நடுவில் ஒருவர் வாங்கி, நாலு மூட்டையைக் குறைத்துச் சொல்வது போல. மூட்டை அங்கேயேதான் இருக்கும். கணக்கில் மட்டும் இருக்காது.

எக்ஸ்சிபி செய்தது இதைத்தான். பெயரின் தொடக்கத்தில் டாலர் குறி, அடுத்து 'சிஸ்' என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், மீண்டும் டாலர் குறி என்று வரும் எந்த பைலையும், ரெஜிஸ்ட்ரி கீயையும், இயங்கும் புரோகிராமையும் அது பட்டியலிலிருந்து எடுத்துவிடும். இதில் பெரிய ஆபத்து என்னவென்றால், அது தன் பைல்களை மட்டும் மறைக்கவில்லை. இந்தப் பெயரில் தொடங்கும் யாருடைய பைலையும் மறைத்தது. 2005 நவம்பர் இரண்டாவது வாரத்திலேயே, இந்த மறைவிடத்தைப் பயன்படுத்தும் டிரோஜன் புரோகிராம்கள் வெளியே வந்துவிட்டன. ஆன்டிவைரஸ் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ள, பாட்டு சிடி அவர்களுக்கு இடம் போட்டுக் கொடுத்திருந்தது.

இன்னொரு தந்திரமும் உண்டு. பின்னணியில் ஓடிய அதன் சர்வீசுக்கு 'பிளக் அண்ட் பிளே டிவைஸ் மேனேஜர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பார்த்தால் விண்டோஸின் சொந்த வேலை என்றுதான் எவரும் நினைப்பார்கள், தொட மாட்டார்கள். இது சில வினாடிகளுக்கு ஒரு முறை, இயங்கும் புரோகிராம்களை எல்லாம் சோதித்துக்கொண்டே இருந்தது. அதனால் கம்ப்யூட்டரின் வேகமும் சற்றுக் குறைந்தது.

கண்டுபிடித்தவர்

மார்க் ருஸ்ஸினோவிச் என்ற விண்டோஸ் நிபுணர், ரூட்கிட்டைக் கண்டறிய ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். அதைத் தன் சொந்தக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தபோது மறைந்திருந்த பைல்கள் தெரிந்தன. எங்கிருந்து வந்தன என்று தேடிப் போனவர், தான் காசு கொடுத்து வாங்கிய ஒரு பாட்டு சிடியில் போய் நின்றார். 2005 அக்டோபர் 31 அன்று தான் கண்டதை எல்லாம் படிப்படியாக, படங்களுடன் இணையத்தில் எழுதினார்.

அவர் அந்த டிரைவர் பைல்களை நீக்கியபோது இன்னொன்று நடந்தது. சிடி டிரைவே காணாமல் போய்விட்டது. ஏனென்றால் எக்ஸ்சிபி, சிடி டிரைவுக்கும் விண்டோசுக்கும் இடையில் தன் டிரைவரை நுழைத்து வைத்திருந்தது. அதை எடுத்தால் சங்கிலி அறுந்துவிடும். விண்டோசை நன்கு அறிந்த அவர் அதைச் சரிசெய்துகொண்டார். வீட்டில் பாட்டு கேட்கும் சாதாரண மனிதர் என்ன செய்வார்?

நிறுவனம் நீக்கும் புரோகிராம் ஒன்றைத் தந்தது. அதைப் பெற இணையத்தில் படிவம் நிரப்பி, இமெயில் முகவரியும் கொடுக்க வேண்டும். அப்படிக் கிடைத்த புரோகிராமை பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். அது கம்ப்யூட்டரில் விட்டுச் செல்லும் ஒரு கூறின் வழியாக, எந்த இணையதளமும் உங்கள் கம்ப்யூட்டரில் புரோகிராமை ஓட்ட முடியும் என்று தெரிந்தது. பேனைப் பார்க்கப் போய்ப் பெருமாள் ஆன கதைதான்! எதிர்ப்பு வலுக்கவே, நவம்பர் நடுவில் நிறுவனம் அந்த சிடிக்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது.

டெக்சாஸ் வழக்கு

திரும்பப் பெறுகிறோம் என்று சொன்னதோடு விஷயம் முடிந்திருக்கலாம். டெக்சாஸில் முடியவில்லை. அப்போது அங்கே அட்டர்னி ஜெனரலாக இருந்தவர் கிரெக் அபாட். (2015 முதல் அம்மாநிலத்தின் கவர்னராக இருப்பவரும் இவரே.) அறிவிப்பு வந்த பிறகும் சிடிக்கள் விற்கப்படுகின்றனவா என்று அவருடைய விசாரணையாளர்கள் தலைநகர் ஆஸ்டினில் உள்ள கடைகளுக்குப் போய்ப் பார்த்தார்கள். சிடிக்கள் தாராளமாகக் கிடைத்தன. வாங்கி வந்தார்கள். வழக்குக்கு அதுவும் சாட்சி.

2005 நவம்பர் 21 அன்று வழக்குத் தாக்கல் ஆனது. இந்த விவகாரத்தில் கோர்ட்டுக்குப் போன முதல் மாநிலம் டெக்சாஸ். இது அவ்வளவு வேகமாக நடந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஸ்பைவேருக்கு எதிரான தனிச் சட்டம் ஒன்று டெக்சாஸில் அதே ஆண்டு செப்டம்பர் 1 முதல்தான் அமலுக்கு வந்திருந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் போடப்பட்ட முதல் வழக்கே இதுதான். ஒவ்வொரு மீறலுக்கும் 1 லட்சம் டாலர் வரை அபராதம் கேட்க அதில் இடம் இருந்தது.

சட்டம் எழுதப்பட்ட விதத்தையும் கவனிக்க வேண்டும். ஸ்பைவேர் என்றால் 'கெட்ட சாப்ட்வேர்' என்று பொதுவாகச் சொன்னால் கோர்ட்டில் நிற்காது. எது கெட்டது என்று வாதம் முடியாமல் போய்க்கொண்டே இருக்கும். எனவே சாப்ட்வேர் செய்யக் கூடாத செயல்களைச் சட்டம் ஒவ்வொன்றாகச் சொன்னது. உரிமையாளரை ஏமாற்றி இன்ஸ்டால் செய்ய வைப்பது, நீக்க முடியாமல் தடுப்பது, கண்டுபிடிக்க முடியாதபடி பைல்களின் பெயரையோ இடத்தையோ மறைப்பது ஆகியவை குற்றம். ருஸ்ஸினோவிச் எழுதியதை எடுத்து இந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்தால் ஒன்றுக்கொன்று பொருந்திப் போகிறது அல்லவா? தொழில்நுட்ப நிபுணர் கண்டுபிடித்தது, வக்கீலுக்குக் கேஸ் கட்டாக மாறியது இப்படித்தான்.

'ஐ அக்ரி' என்று சொல்லாதவர்களுக்கும்

டிசம்பரில் அபாட் வழக்கை விரிவுபடுத்தினார். அதே நிறுவனத்தின் வேறு சில சிடிக்களில் மீடியாமேக்ஸ் என்ற இன்னொரு பாதுகாப்பு சாப்ட்வேர் இருந்தது. இதை உருவாக்கியது சன்காம் என்ற நிறுவனம். சிடியைப் போட்டு, ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்து, 'வேண்டாம்' என்று கிளிக் செய்தாலும் இதன் பைல்கள் ஹார்ட் டிஸ்க்கில் ஏறிவிட்டன என்பது குற்றச்சாட்டு. திரையில் கேள்வி வரும் முன்பே பைல்கள் காப்பி ஆகிவிடும்.

எனக்கு மிகவும் கோபம் தருவது இதுதான். எக்ஸ்சிபி விஷயத்தில், 'நீங்கள்தானே ஒப்புக்கொண்டீர்கள்' என்று ஒரு வாதமாவது பேசலாம். இங்கே வேண்டாம் என்று சொன்னவர் வீட்டுக்குள்ளேயே நுழைந்திருக்கிறார்கள். நம் கம்ப்யூட்டரில் எது இருக்கலாம், எது கூடாது என்று முடிவு செய்யும் உரிமை யாருடையது என்பதே இந்த வழக்கின் அடிப்படைக் கேள்வி.

கிடைத்தது என்ன?

வழக்கு முழு விசாரணைக்குப் போகவில்லை. அமெரிக்காவில் இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் சமரசத்தில்தான் முடியும். 2006 டிசம்பரில் டெக்சாஸ், கலிபோர்னியா இரண்டு மாநிலங்களுக்கும் தலா 7,50,000 டாலர் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. சாப்ட்வேரை நீக்கப் போய்க் கம்ப்யூட்டர் பழுதானவர்கள் 175 டாலர் வரை பெறலாம் என்று முடிவானது. அடுத்த சில நாட்களில் ஏறத்தாழ 40 மாநிலங்கள் சேர்ந்து 42.5 லட்சம் டாலருக்குத் தனியே ஓர் உடன்பாடு செய்தன. 2007 ஜனவரியில் மத்திய அமைப்பான பெடரல் டிரேட் கமிஷனும் நடவடிக்கை எடுத்தது.

மக்களே சேர்ந்து போட்ட கூட்டு வழக்கும் ஒன்று இருந்தது. அதில் 2006 மே மாதம் கோர்ட் ஏற்ற உடன்பாட்டின்படி, எக்ஸ்சிபி சிடியைத் திருப்பிக் கொடுத்தவர்களுக்கு அந்த சாப்ட்வேர் இல்லாத புதிய சிடி கிடைத்தது. கூடவே 7.50 டாலரும் ஓர் ஆல்பம் டவுன்லோடும், அல்லது பணத்துக்குப் பதில் மூன்று ஆல்பம் டவுன்லோடுகள்.

7.50 டாலர் என்றால் பெரிய தொகை இல்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். பாட்டு சிடியில் ரூட்கிட் வைத்து விற்கும் துணிச்சல் அதன் பிறகு எந்தப் பெரிய இசை நிறுவனத்திற்கும் வரவில்லை. வழக்கின் உண்மையான பயன் இதுதான். இழந்ததை மீட்டுத் தருவதை விட, இனி நடக்காமல் தடுப்பதில்தான் மாநில வழக்குகளுக்குப் பலம் அதிகம்.

பயமுறுத்தி விற்றவர்கள்

வாஷிங்டன் மாநிலத்திலும் 2005ஆம் ஆண்டே ஸ்பைவேர் சட்டம் வந்தது. 2006 ஜனவரியில் அதன் அட்டர்னி ஜெனரல் ராப் மெக்கென்னா, செக்யூர் கம்ப்யூட்டர் என்ற நிறுவனம் மீது வழக்குப் போட்டார். அவர்கள் விற்றது ஸ்பைவேர் கிளீனர் என்ற புரோகிராம். விலை 49.95 டாலர். 'உங்கள் கம்ப்யூட்டரில் ஸ்பைவேர் உள்ளது, இலவசமாகச் சோதியுங்கள்' என்று திரையில் எச்சரிக்கை வரும். சோதித்தால், சுத்தமான கம்ப்யூட்டரிலும் ஸ்பைவேர் இருப்பதாகக் காட்டும். பயந்து பணம் கட்டினால், வாங்கிய புரோகிராம் எதையும் உருப்படியாகச் சுத்தம் செய்யாது என்பது மாநிலத்தின் புகார்.

அதே நாளில் மைக்ரோசாப்ட் நிறுவனமும் தனியே வழக்குப் போட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் 10 லட்சம் டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. அதில் ஏமாந்தவர்களுக்குத் திருப்பித் தர ஒதுக்கியது 75,000 டாலர். மீதி அபராதமும் வழக்குச் செலவும். 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்' என்று இன்றைக்கும் பிரவுசரில் அலாரம் அடிக்கும் விளம்பரங்கள் எல்லாம் இதன் பேரப்பிள்ளைகள்தான்.

தோற்ற வழக்கு

மாநிலம் வழக்குப் போட்டால் எப்போதும் ஜெயிக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். நியூயார்க்கில் தனி ஸ்பைவேர் சட்டம் இல்லாமலே, பழைய வியாபாரச் சட்டத்தை வைத்து எலியட் ஸ்பிட்சர் என்ற அட்டர்னி ஜெனரல் வழக்குகள் போட்டார். 2005 ஏப்ரலில் இன்டர்மிக்ஸ் மீடியா மீது போட்ட வழக்கில் நிறுவனம் 75 லட்சம் டாலர் தர இசைந்தது. ஸ்கிரீன் சேவர், கேம் என்று இலவசமாகக் கொடுத்து, அதோடு விளம்பர புரோகிராமையும் சொல்லாமல் ஏற்றினார்கள் என்பது அங்கே குற்றச்சாட்டு. படித்தபோது என் கேம் சிடி நினைவுக்கு வந்தது.

அடுத்த ஆண்டு டைரக்ட் ரெவென்யூ என்ற நிறுவனம் மீது இதே போன்ற வழக்கு. ஆனால் 2008இல் கோர்ட் அதைத் தள்ளுபடி செய்தது. காரணம்? விளம்பர புரோகிராம் பற்றி லைசன்ஸ் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தது, பயன்படுத்தியவர்கள் அதற்குச் சம்மதம் தெரிவித்து கிளிக் செய்திருக்கிறார்கள் என்பது முக்கியமான ஒன்று. அந்த ஒப்பந்தத்தை எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்பது வேறு விஷயம். கோர்ட்டுக்கு கிளிக்தான் கையெழுத்து.

இரண்டு வழக்குகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டெக்சாஸ் சட்டம் மறைப்பதையும் நீக்க விடாமல் தடுப்பதையும் பெயர் சொல்லிக் குற்றமாக்கியிருந்தது. அதனால் 'சம்மதம் வாங்கினோம்' என்ற பதில் மட்டும் போதாது. அப்படித் தனிச் சட்டம் இல்லாத இடத்தில், 'ஐ அக்ரி' என்ற இரண்டு சொற்கள் நிறுவனத்திற்குக் கேடயமாகிவிட்டன.

இன்றைய நிலை

சிடி போய்விட்டது, செல்போன் வந்துவிட்டது. வழக்குகளும் மாறியுள்ளன. லொகேஷன் பதிவை ஆப் செய்த பிறகும் இருப்பிடத் தகவலைச் சேகரித்தது பற்றிய புகாரில், 2022 நவம்பரில் கூகுள் 40 மாநிலங்களுக்கு 39.15 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. இதிலும் அதே பழைய கேள்விதான்: வேண்டாம் என்றவரிடம் எடுத்தார்களா? முக அடையாளங்களைப் பதிவு செய்தது தொடர்பாக டெக்சாஸ் போட்ட வழக்கில், 2024 ஜூலையில் மெட்டா நிறுவனம் 140 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. 2006இல் கிடைத்த 7,50,000 டாலரோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

மக்கள் கைக்கே பணம் வந்த வழக்கும் உண்டு. வருமான வரிக் கணக்கை இலவசமாகத் தாக்கல் செய்யத் தகுதி உள்ளவர்களிடம், டர்போடேக்ஸ் சாப்ட்வேருக்குக் காசு வாங்கியது பற்றி 50 மாநிலங்களும் சேர்ந்து நடவடிக்கை எடுத்தன. 2022 மே மாதம் இன்ட்யூட் நிறுவனம் 14.1 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. சுமார் 44 லட்சம் பேருக்குச் செக் அனுப்பப்பட்டது. பலருக்குக் கிடைத்தது 30 டாலர் அளவில்தான். அந்த 30 டாலருக்காக எவரும் தனியாகக் கோர்ட் படி ஏறியிருக்க மாட்டார்கள்.

என் வக்கீல் நண்பர் கேலி செய்த காலம் நம் நாட்டிலும் சற்று மாறியிருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 2020 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. தனி ஒருவருக்காக மட்டுமின்றி, பாதிக்கப்பட்ட நுகர்வோர் அனைவருக்காகவும் அது நடவடிக்கை எடுக்க முடியும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

நாம் செய்ய வேண்டியவை

எந்த வழக்கும் முதலில் ஒரு வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் தொடங்குகிறது. எனவே கீழே உள்ளவற்றைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

1. ஆட்டோபிளேயை நிறுத்துங்கள். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ் சென்று, புளூடூத் அண்ட் டிவைசஸ் பிரிவில் ஆட்டோபிளே என்பதைத் தேர்ந்தெடுத்து ஆப் செய்யவும். சிடியோ பென் டிரைவோ செருகியவுடன் எதுவும் தானாகத் திறக்காது.

2. கம்ப்யூட்டர் ஸ்டார்ட் ஆகும்போது என்னென்ன சேர்ந்து இயங்குகின்றன என்று பாருங்கள். ருஸ்ஸினோவிச் உருவாக்கிய சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பை 2006இல் மைக்ரோசாப்ட் வாங்கிவிட்டது. அதில் உள்ள ஆட்டோரன்ஸ் என்ற புரோகிராம் மைக்ரோசாப்ட் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. சந்தேகம் தரும் வரியை உடனே அழிக்காமல், டிக் அடையாளத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். தவறாகிவிட்டால் மீண்டும் டிக் செய்துகொள்ளலாம்.

3. இன்ஸ்டால் செய்யும்போது நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று ஓடாதீர்கள். 'கஸ்டம்' என்று ஒரு வாய்ப்பு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். கூட வரும் வேண்டாத புரோகிராம்கள் அங்கேதான் தெரியும்.

4. பிரவுசரில் வைரஸ் எச்சரிக்கை அலறினால், அதில் உள்ள எந்த பட்டனையும் தொடாதீர்கள். அதில் காட்டும் போன் நம்பரையும் அழைக்காதீர்கள். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் கீகளை ஒன்றாக அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பிரவுசரை மூடிவிடுங்கள்.

5. ஏமாந்துவிட்டால், கோபத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். முதலில் சாட்சியைச் சேருங்கள். விண்டோஸ், ஷிப்ட், எஸ் கீகளை அழுத்தி ஸ்கிரீன் ஷாட் எடுங்கள். ஒப்பந்தத்தின் வாசகத்தைக் காப்பி செய்து சேமியுங்கள். பில், தேதி, சர்வீஸ் செலவு ரசீது எல்லாம் ஒரே போல்டரில் இருக்கட்டும். பிறகு புகார் அனுப்புங்கள், பிறகு பார்மட் செய்யுங்கள்.

ஐந்தாவதை நான் செய்யவில்லை. அந்த கேம் சிடியைக் கோபத்தில் இரண்டாக உடைத்துக் குப்பையில் போட்டேன். பில்லும் இல்லை, ஸ்கிரீன் ஷாட்டும் இல்லை. புகார் கொடுக்கப் போயிருந்தாலும் என்னிடம் காட்ட ஒன்றும் இருந்திருக்காது. ருஸ்ஸினோவிச் தன் சிடியை உடைக்காமல் வைத்து, பார்த்ததை எழுதி வைத்தார். மூன்றே வாரத்தில் ஒரு மாநிலம் கோர்ட்டுக்குப் போனது.

ஆறாவதாக ஒன்று, இது அனுபவத்தில் சொல்வது: போட்டோக்களை பேக்கப் எடுத்து வையுங்கள். எந்தக் கோர்ட்டும் அவற்றைத் திருப்பித் தராது.